காற்றைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தவர்

வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அந்தம்மா அதைத் தொடவே இல்லை. மாடி அறைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, விடுவிடுவென்று இறங்கித் தெருவுக்குப் போய்விட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் கதவைச் சாத்தப் போனேன். பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட்டுக் கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருக்கிறார். கம்பம் கம்பமாகப் போய், தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"யக்கா, கோடையில மத்தியானம் லைட்டு மங்குமே இங்க?"

மங்கும்தான். "எல்லா வூட்லயும் ஏசி மாட்டிக்கினாங்கமா," என்று கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னேன்.

"மங்கட்டும். எங்கயிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டுலா, அது போதும். நாளைக்கே வந்துருதேன்," என்றார்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் தெருவில் மாடி கட்டாத வீடு இல்லை. தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் எங்கும் குடியிருந்தார்கள். இவர் மட்டும் ஐம்பது வயதுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காற்றாலை நடுகிற ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். தெருவில் எல்லாருக்கும் அவர் காத்தாடி மேடம். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். "காத்தாடி மேடம் வந்துட்டேன்," என்று அவரே சொல்லிக்கொண்டு கேட்டைத் திறப்பார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றதால் வந்த கூச்சமா, பிறவிக் கூச்சமா, தெரியாது. ஷேர் ஆட்டோவில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "நிறுத்துப்பா" என்று சொல்ல வாய் வராது. யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, மிச்சத் தூரம் நடந்து வருவேன். அந்தம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் கேலி செய்யவில்லை. என்னோடு ஆட்டோவில் வந்தால் என் இடம் வருமுன்னே, "அண்ணாச்சி, அக்கா இறங்கணும்," என்று குரல் கொடுத்துவிடுவார்.

மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். தெற்கே போய்விட்டு முகம் கறுத்து, பேன்ட் ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருவார். மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவார். அப்படி ஒருநாள் காப்பி கொடுக்கும்போது கேட்டேன்.

"காத்து எங்க நல்லா அடிக்குதுன்னு பாக்கறதா மா உன் வேலை?"

"காத்தப் பாக்க வேற ஆள் இருக்காவக்கா. நான் கம்பியப் பாக்கேன்."

பிறகு சொன்னார். காத்தாடி சுற்றினால் மட்டும் போதாதாம். அதில் வரும் கரண்ட்டைக் கம்பி போட்டுக் கொண்டுபோய், சப்ஸ்டேஷன் என்கிற இடத்தில் சேர்க்க வேண்டும். அங்கிருந்துதான் அது ஊர்களுக்குப் போகும். சப்ஸ்டேஷன் தூரமாக இருந்தால் வழியில் எத்தனை பேர் நிலத்தைத் தாண்டிக் கம்பி போக வேண்டும், அத்தனை பேரும் விட வேண்டும். கிட்டத்தில் இருந்தாலும் அங்கே இன்னும் கொஞ்சம் கரண்ட்டு வாங்க இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடிக்கும், காத்தாடி நிற்கும்.

"மத்தவங்க மலையில இருந்து கீழ எறங்கி எடம் பாப்பாவ. நான் சப்ஸ்டேஷன் கேட்டுல இருந்து வெளிய நடப்பேன். எவ்வளவு தூரம் கால் தடையில்லாமப் போகுதோ, அதுக்குள்ள காத்து இருக்கான்னு பாப்பேன்."

எனக்கு அது முழுசாகப் புரிந்தது இன்னொரு நாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது. படப்பை ஆஸ்பத்திரிக்குப் போக நானும் அவரும் ரோட்டோரம் நின்றோம். ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தன. பாதி காலி. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

"இத்தினி பஸ் கீது, நமக்கு ஒண்ணு நிக்குதா பாரு," என்றேன்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "இதத்தான்கா எங்க ஆளுகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி. பெரிய டவர் லைன் தலைமேல போகும். தரகர் அதுக்கு அடியிலயே நிலத்தக் காட்டி, கரண்டு ஒங்க தலைமேலயே போகுதும்பான். இவங்களும் சந்தோசமா வந்துருவாவ. அது கம்பெனி பஸ்சு மாதிரிக்கா. நமக்காக நிக்காது. எங்க நிக்கும், எங்க ஏறலாம்னு பாக்கணும்லா?"

எதற்கும் அவர் கேட்கிற கேள்வி இதுதான். தெருவில் புதிதாக மழைநீர் வாய்க்கால் வெட்டினார்கள். எல்லாரும் ஆழம் போதுமா என்று பார்த்தபோது இவர், "போய் எங்க சேருது?" என்று கேட்டார். அது எங்கேயும் சேரவில்லை. காலி மனை ஓரத்தில் முடிந்திருந்தது. அந்த மனைக்காரருக்கும் காண்டிராக்டருக்கும் சண்டை மூட்டிவிட்டதாக இவர்மேல்தான் பேச்சு வந்தது.

கோயில் தேர்த் திருவிழாவிலும் அப்படித்தான். எங்கள் கோயிலில் மாதா தேர் புறப்படும் சாயங்காலம், சவுண்டு சர்வீஸ்காரர் ஒரே கம்பத்திலிருந்து தேர், தெரு, பந்தல் எல்லாவற்றுக்கும் லைட்டு இழுத்திருந்தார். அந்தம்மா சிஎஸ்ஐ சபை, அவர்கள் சர்ச்சில் மாதா தேர் கிடையாது. தேர் பார்க்க ஓரமாக வந்து நின்றவர் கம்பத்தைப் பார்த்துவிட்டார்.

"ஒரு கம்பியில இத்தனையும் தொங்கவிட்டா மாதா இருட்டுலதான் வருவாவ," என்றார்.

"போன வருஷமும் இப்பிடித்தான் மேடம் போட்டோம்."

"போன வருஷம் தெருவுல எத்தன ஏசி? இந்த வருஷம் எத்தன?"

கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "மேடம், நீங்க உங்க சர்ச்சப் பாருங்க. எங்கள மாதா பாத்துக்கும்."

"மாதா பாத்துக்குவாவ. வயரு பாத்துக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கமிட்டிக்காரர் முகம் சிவந்துபோனது. ஆனால் ஜெனரேட்டர் வந்தது. பாதி விளக்கு அதில் போனது. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஒரு விளக்கும் அணையவில்லை. மறுநாள் குழாயடியில், "சும்மாக்காட்டியும் ஜெனரேட்டருக்குச் செலவு வெச்சிட்டுப் போச்சு அந்தம்மா," என்று பேசிக்கொண்டார்கள். அணைந்திருக்குமா, அணைந்திருக்காதா என்று யாருக்கும் தெரியாது. அவர் வேலையின் சங்கடம் அதுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்?

கம்பி வேலையில் இருந்த கடைசி வருஷம் அவர் தெற்கே ஓர் ஓடையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து வந்தார். மாவுக்கட்டோடு மாடி ஏற முடியாது. என் முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். பகல் முழுக்கப் போன் பேசுவார். அந்தப் பேச்சிலிருந்தே விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் கம்பெனியில் ஓர் இடத்தை எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். காற்றுக்கு ஒருவர், நிலத்துக்கு ஒருவர், கம்பிக்கு இவர். தெற்கே ஒரு மேட்டை எடுக்க மற்ற இருவரும் போட்டாயிற்று. இவர் போட மறுத்துவிட்டார்.

அதற்காகத்தான் ஒருநாள் அவருடைய மேனேஜர் காரில் வந்தார். நல்ல மனிதர். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தார். கூட அந்த மேட்டைக் காட்டிய தரகர். நான் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன்.

"காத்து அந்த மாதிரி வேற எங்கயும் கெடைக்காது மேடம்," என்றார் மேனேஜர். "உங்க கையெழுத்துக்காகத்தான் நிக்குது."

"நிக்கட்டும் சார்."

"டவர் லைன் தலைமேலயே போகுதுக்கா," என்றார் தரகர். "கைய நீட்டினா தொட்டுரலாம்."

"தொட்டா செத்துருவ."

மேனேஜருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்த லைன்ல ஏற முடியாது சார். சப்ஸ்டேஷன் தூரத்துல கெடக்கு. நடுவுல பூராவும் தென்னந்தோப்பு, கெணறு, வீடு. ஒரு தோப்புக்காரன் விடமாட்டேன்னா முடிஞ்சுது. ஆனா சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே கரிசக் காடு சும்மா கெடக்கு. அங்கயும் காத்து இருக்கு."

"கம்மியா இருக்கு."

"கம்மிதான். ஆனா அடிக்கிறது பூரா வீட்டுக்குப் போகும்."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "மேடம், மேல முடிவு பண்ணிட்டாங்க. நீங்க போடலன்னா வேற ஆள் போடுவாங்க. உங்கள ஸ்டோர்ஸுக்கு மாத்தச் சொல்றாங்க. இன்னும் கொஞ்ச வருஷம்தான் சர்வீஸ். எதுக்கு?"

ஸ்டோர்ஸ் என்றால் ஒரு கொட்டகைக்குள் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பது. வெயிலில் நடந்தே பழகியவரை அங்கே போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தம்மா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுப் பிரிச்சதும் ஒரு தடவ என்கூட வாங்க சார். மேட்டுல இருந்து சப்ஸ்டேஷன் வரைக்கும், கம்பி போற வழியிலயே நடப்போம். தடையில்லாம நடந்துட்டா அங்கயே கையெழுத்துப் போடுதேன்."

மேனேஜர் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "போட்டுத்தான் தொலையேன்மா. அவங்க தலையில விடியட்டும்," என்றேன்.

"அவங்க தலையில விடியாதுக்கா. எங்க அண்ணன் ஊர்ல இப்படித்தான் மேட்டுல நட்டாவ. அண்ணனும் நிலத்தக் குடுத்துட்டு, வருசா வருசம் பங்கு வரும்னு இருந்தான். கம்பி பாதியில நின்னு போச்சு. ஆடி மாசம் காத்து மண்ண வாரி எறைக்கும், காத்தாடி கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கும். அண்ணன் அதுக்கு அடியிலயே கட்டிலப் போட்டு உக்காந்திருந்தான். இந்த மேட்டுலயும் அப்படி நெலம் குடுக்கக் காத்திருக்கவங்க இருக்காவ." கட்டுப் போட்ட காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, "நான் போட மாட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போட்டாயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கட்டுப் பிரித்ததும் டாக்டர், தனியாகப் பயணம் போகக் கூடாது என்றார். "யக்கா, நீங்க வாறீயளா?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார். நான் தாம்பரத்துக்கே யாராவது துணை இருந்தால்தான் போவேன். என் மகள் போனில், "நீ இன்னாத்துக்குமா அங்க? ஊன்றதுக்குக் கம்பு வோணும்னா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு," என்று திட்டினாள். எனக்கு ஏன் போகத் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தேன்.

மேட்டில் நின்றபோது தரகர் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று புரிந்தது. அப்படி ஒரு காற்று. புடவையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தவித்தேன். தலைக்கு மேலே டவர் லைன் உய் என்று கத்திக்கொண்டிருந்தது. அந்தம்மா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைத்தடியை ஊன்றிக் கீழே நடக்க ஆரம்பித்தார். மேனேஜர், தரகர், கடைசியில் தண்ணீர் பாட்டிலோடு நான்.

முதல் தோப்பிலேயே ஒரு பெரியவர் மறித்தார். "போன தடவையே சொன்னேன்லா தாயி. எந் தென்னைக்கு மேல கம்பி வரப்படாது."

"நஷ்ட ஈடு குடுப்பாங்க ஐயா," என்றார் மேனேஜர்.

"காய்க்கிற மரத்த வெட்டிப்புட்டு, ஒம்ம துட்டக் கரைச்சா குடிக்கச் சொல்லுதீரு?"

அந்தம்மா பெரியவரைக் கும்பிட்டுவிட்டு தோப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அடுத்து ஒரு கிணறு. அடுத்து ஒரு வீடு, அஸ்திவாரம் போட்டு செங்கல் அடுக்கியிருந்தது. திரும்பவும் தோப்பு. ரோடு வந்ததும் மேனேஜர் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினார். "மிச்சத்தக் கார்ல பாத்துக்கலாம் மேடம்."

"கம்பி கார்ல வராது சார்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார். மேனேஜரும் தரகரும் காரில் போனார்கள். நான் அவர் பின்னாலேயே போனேன். வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சப்ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே டீக்கடையில் மேனேஜர் காத்திருந்தார். எங்களுக்கு டீ சொன்னார். பிறகு அந்தம்மா முகத்தைப் பார்க்காமல், "நீங்க சொல்றது புரியுது மேடம்," என்றார். "ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஆள் போடுவாங்க. திங்கக்கெழமையில இருந்து நீங்க ஸ்டோர்ஸ்."

"இன்னைக்கு சனிக்கெழமதான சார்?"

"ஆமா."

"அப்ப திங்கக்கெழம வரைக்கும் நான் கம்பி ஆளுதான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தம்மா எழுந்தார். மேனேஜர் என்னிடம், "பாட்டி, நீங்களாவது கார்ல ஏறுங்க. ஸ்டேஷன்ல விட்டுடறேன்," என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கார் போய்விட்டது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேட்டில் காத்தாடி நட்டார்கள். கம்பி இரண்டாவது தோப்பில் நின்றுபோனது என்று கேள்விப்பட்டோம். சப்ஸ்டேஷன் பக்கத்துக் கரிசல் காட்டை வேறொரு கம்பெனி எடுத்தது. அவர்களுக்கு இவரை யாரென்றே தெரியாது. அந்தம்மா ரிட்டயர் ஆகும்வரை ஸ்டோர்ஸில்தான் இருந்தார். பிறகு அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். ஒரு தடவை போனில், "கரிசக் காட்டுல சுத்துதாம்க்கா, யாரு நட்டா என்ன?" என்றார். அவ்வளவுதான்.

அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான்.

கார் போனதும், பையிலிருந்து கம்பெனிக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டையை எடுத்தார். கையில்லாதது. பளபளவென்று பட்டை ஒட்டியது. "இதப் போட்டுக்கிட்டு கேட்டுப் பக்கத்துல நில்லுங்கக்கா. குடைய விரிச்சுத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கோங்க. நான் காட்டுக்குள்ள போய்த் திரும்பிப் பாப்பேன். போன் மேப்புல கோடு போட்டா எல்லாம் நேராத்தான் தெரியும். நீங்க அங்கயிருந்து என் கண்ணுக்குத் தெரிஞ்சா, நடுவுல மரம், வீடு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நான் கைய ஆட்டுற வரைக்கும் எறக்காதீங்க."

"அய்யோ, என்னாலல்லாம் ஆவாதுமா. ரோட்ல போறவங்கல்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டும்கா. பாக்கத்தான நிக்கச் சொல்லுதேன்."

புடவைக்கு மேல் அந்தச் சட்டையை அவரே மாட்டிவிட்டார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு கரிசல் காட்டுக்குள் இறங்கிவிட்டார். நான் குடையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிராக்டரில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்தான். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். கை கடுக்க ஆரம்பித்தது. மேட்டில் அடித்த காற்று இங்கே இல்லை. ஆனாலும் குடையை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. அந்தம்மா சிறுத்துச் சிறுத்து, தூரத்துப் பனைகளுக்கு முன்னால் ஒரு புள்ளியாகிவிட்டார். போய்க்கொண்டே இருந்தார். தடையில்லை என்று அர்த்தம்.

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஆச்சி, ஈபில புதுசா வேலைக்குச் சேந்துருக்கீயளா?"

டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆமாம்பா," என்றேன், அங்கே எல்லாருக்கும் கேட்கும்படி. "வழிய மறைக்காத. அந்தாண்ட நவுந்து போ."

அவர் நகர்ந்தார். நான் குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.